டூக்கோ அடிக்கும் முன்: கையால் செய்த பேஸ் கிட்டாரைச் சீரமைத்தல்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செடி, புறா, பழைய கம்ப்யூட்டர், கை உடைந்த நாற்காலி என்று போகும் வரிசைக்கு நடுவே எப்போதாவது ஒரு கிட்டார் தார்ப்பாயில் படுத்துக் கிடக்கும். நாலே தந்தி, வழக்கத்தைவிட நீளமான கழுத்து என்றால் அது பேஸ். தலையில் கம்பெனிப் பெயர் இல்லை, திருகுகள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, ஆனால் தூக்கினால் உடல் கனக்கிறது என்றால் இன்னும் ஐந்து நிமிடம் நின்று பார்க்கலாம். யாரோ ஒருவர் இன்னொருவருக்காக அளவெடுத்துச் செய்த கருவியாக அது இருக்கக்கூடும்.

1991-க்கு முன் வெளிநாட்டுக் கிட்டார் வாங்குவது இங்கே லேசான காரியம் இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் குறுக்கே நின்றன. கொல்கத்தாவிலிருந்து கிவ்சன், ஹோப்னர் என்ற பெயர்களில் கருவிகள் வந்தன. எந்த அயல்நாட்டுப் பெயர்கள் நினைவுக்கு வரட்டும் என்று அப்படி வைத்தார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தேவையோ பெரிதாக இருந்தது. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்கள், கல்யாண மண்டபத்து மெல்லிசைக் குழுக்கள், பரங்கிமலை ஆங்கிலோ இந்தியர் வீட்டு விருந்துகள், தேவாலயப் பாடகர் குழுக்கள், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி மேடை, எல்லாவற்றுக்கும் பேஸ் வேண்டியிருந்தது. இளையராஜா பாடல்களில் சசிதரனும், ஏ.ஆர். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கருவியின் பெயர் தெரியாவிட்டாலும் அதன் குரல் தெரியும். வாங்க வழியில்லாதவர்கள் யாரிடமோ இருந்த ஃபெண்டரை ஒரு நாள் கடன் வாங்கி, பழுப்புத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்து, அதைத் தச்சரிடம் கொடுத்ததும் உண்டு. இன்று ஆரோவில்லில் எரிசா நியோகி போன்றவர்கள் கிட்டார் செய்வதையே முழுநேரத் தொழிலாக நடத்துகிறார்கள். தச்சர் கையில் அப்படிப் பிறந்த கருவிக்கு இரட்டை கிடையாது. உதிரி பாகம் கிடையாது, வரைபடம் கிடையாது. கெடுத்துவிட்டால் போனது போனதுதான்.

ஆனாலும் கையில் வந்ததும் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றுவது ஒன்றே ஒன்று: "புதுசா பெயிண்ட் அடிச்சுடலாம்." இந்த அத்தியாயம் அந்த ஆசையைத் தள்ளிப்போடுவதைப் பற்றியது, தள்ளிப்போட்ட பிறகும் தேவைப்பட்டால் அதைச் சரியாகச் செய்வதைப் பற்றியது. வேலை தெரிந்த கைகளுக்குத் தென்சென்னைப் புறநகரில் பஞ்சமில்லை. ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் கார் பெயிண்டர்கள் இருக்கிறார்கள், பாலிஷ் போடும் தச்சர்கள் இருக்கிறார்கள், லேத் பட்டறையும் ஈயம் வைக்கத் தெரிந்த டி.வி. மெக்கானிக்கும் இருக்கிறார்கள். அவரவர் வேலையில் கெட்டிக்காரர்கள். கிட்டாருக்கு எதைச் செய்யக் கூடாது என்பதை மட்டும் அவர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

உலகத்தில் அதிகம் பேசப்பட்ட பேஸ் கிட்டார் பழுதுபார்ப்புகளில் ஒன்று பேஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸின் 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸுக்கு நடந்தது. அவர் ஃபிரெட்கள் நீக்கப்பட்ட அதன் பள்ளங்களை நிரப்பி, ஃபிங்கர்போர்டின்மேல் படகுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பூசிக்கொண்டார். வெண்கலம் போல ஒலிக்கும் அந்த நாதத்துக்கு அந்த எப்பாக்ஸியும் ஒரு காரணம். 1980-களின் நடுவில் கருவி துண்டு துண்டாக உடைந்தது. கெவின் காஃப்மன், ஜிம் ஹாமில்டன் என்ற இரண்டு கைவினைஞர்கள் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினார்கள். உடலின் முன்னும் பின்னும் மெல்லிய மேப்பிள் தகடு ஒட்டிப் பலப்படுத்தினார்கள். 1986-இல் நியூயார்க் பூங்கா ஒன்றில் அது திருட்டுப் போனது. அடுத்த ஆண்டு ஜேக்கோ இறந்தார். இருபது ஆண்டுகள் கழித்து நியூயார்க்கிலேயே ஒரு கடைக்கு வந்து சேர்ந்த கருவியை, 2010-இல் மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோ பண உதவி செய்து குடும்பத்துக்கு மீட்டுக் கொடுத்தார்.

அந்தப் பேஸை 1962-இல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் பேஸின் கதையும் அதேதான். 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கியது. 1964-இல் வேறு பூச்சு கண்டது. 1972-இல் திருட்டுப்போய், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகி அவரிடம் திரும்பி வந்தது. 1964-இன் பூச்சும் இன்று அதன் வரலாற்றில் சேர்த்திதான். ஆக, நம் கைக்கு வந்த கருவியில் எது பழுது, எது அதன் வாழ்க்கை என்று பிரித்துப் பார்ப்பதே முதல் வேலை. முழங்கை பட்டுத் தேய்ந்த இடம் பழுது அல்ல. பெயிண்ட் கொப்பளித்து உள்ளே மரம் இற்றுப்போயிருந்தால் அது பழுது.

பார்க்கும் வாரம்

முதல் ஒரு வாரம் திருப்புளி எடுக்க வேண்டாம். கைப்பேசியில் படம் எடுத்தால் போதும்: முன், பின், பக்கம், தலை, திருகு ஒவ்வொன்றும். பின்மூடியைத் திறந்ததும் ஒயர் எந்த நிறம் எங்கே போகிறது என்பதையும் படம் எடுக்க வேண்டும். மூடிக்குள்ளோ கழுத்துப் பொருத்தத்திலோ செய்தவர் பென்சிலால் தேதியோ கையெழுத்தோ போட்டிருப்பார். உப்புத்தாள் பட்டால் முதலில் போவது அதுதான்.

வயதைக் கண்டுபிடிக்க வால்யூம் பாட்டின் (பொட்டென்ஷியோமீட்டரின்) முதுகு உதவும். அமெரிக்கப் பாட்களில் ஆறு ஏழு இலக்க எண் ஒன்று அடித்திருக்கும். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். கம்பெனி; 1377633 என்றால் 1976-ஆம் ஆண்டின் 33-ஆவது வாரம். கருவி அதற்குமுன் முடிந்திருக்க வாய்ப்பில்லை, பாட்டைப் பிற்பாடு யாரும் மாற்றாதவரை. அந்தப் பாட்டில் பழைய ஈயம் பளபளப்பின்றி மங்கிப்போய், யாரும் தொட்ட தடயமில்லாமல் இருந்தால் நம்பலாம்.

அடுத்தது அளவு. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். 1951-இல் லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் வைத்த இந்த அளவைத்தான் பெரும்பாலோர் பின்பற்றினார்கள். கோடு இழுத்துச் செய்த கருவியில் இது இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிசகியிருக்கலாம். நட்டிலிருந்து 12-ஆவது ஃபிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் உண்மையான அளவு தெரியும். பிரிட்ஜ் அந்தத் தூரத்தில் இல்லையென்றால் கருவி பிறந்த நாளிலிருந்தே சுருதி சேர்ந்திருக்காது. எத்தனை பளபளப்பாகப் பூசினாலும் சேராது. பெயிண்டுக்குப் போகும் பணத்தை அங்கே பிரிட்ஜை நகர்த்தச் செலவழிப்பதே நியாயம்.

நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை 70 முதல் 80 கிலோ விசையோடு இழுக்கின்றன. ஒரு ஆள் எடை. அதைத் தாங்குவது கழுத்துக்குள் புதைந்த டிரஸ் ராடு. முதல் ஃபிரெட்டையும் கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால், நடுவே ஏழெட்டாவது ஃபிரெட்டில் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் அளவு இடைவெளி தெரிய வேண்டும். அதிகமானால் ராடைக் கால் சுற்று இறுக்கி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். சாவி திரும்ப மறுத்தால் பலம் காட்டக் கூடாது. ராடு முறிந்தால் ஃபிங்கர்போர்டையே கழற்ற வேண்டி வரும்.

வெள்ளத்தில் நின்ற கருவி தனி ஜாதி. 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோது முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பக்கம் தரைத்தளங்கள் மூழ்கின. கட்டிலுக்கடியில் வைத்த வாத்தியப் பெட்டிகளும் மூழ்கின. நனைந்த பேஸை வெயிலில் வைப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. மேற்பரப்பு வேகமாகக் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்க, மரம் பிளக்கும். தந்தியைத் தளர்த்தி, உலோகத்தையெல்லாம் கழற்றி, நிழலில் மின்விசிறிக் காற்றில் வாரக்கணக்கில் விட வேண்டும். காய்ந்துவிட்டதா என்பதை மரத்தைத் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. மளிகைக் கடைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வைத்தால், எடை குறைவது எப்போது நிற்கிறதோ அப்போது காய்ந்தது என்று கொள்ளலாம். வெள்ளை ஃபெவிகாலால் ஒட்டிய இணைப்புகள் அதற்குள் விட்டுப்போயிருக்கும். பழைய தச்சர்கள் வச்சிரம் காய்ச்சி ஒட்டியிருந்தால் ஒரு விதத்தில் அதிர்ஷ்டம்: சூடும் ஈரமும் காட்டிச் சுத்தமாகப் பிரித்து மறுபடி ஒட்டலாம்.

பூச்சும் மரமும்

மேலே இருப்பது என்ன பூச்சு என்று தெரியாமல் தின்னரைத் திறக்கக் கூடாது. பின்மூடிக்கு அடியில், கண்ணில் படாத ஓரத்தில், காது குடையும் பஞ்சுக்குச்சியால் சோதிக்கலாம். ஸ்பிரிட் தொட்டதும் பிசுபிசுத்தால் அது அவலரக்கு, அதாவது வீணைக்கும் தம்புராவுக்கும் பழைய மேசைக்கும் போடும் பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல், என்.சி. தின்னர் பட்டதும் இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன், பாலியஸ்டர், அல்லது நம் ஊர்த் தச்சர்கள் கதவுக்கும் கட்டிலுக்கும் போடும் மெலமைன்.

இந்தச் சோதனை முடிவே பாதி வேலையைத் தீர்மானித்துவிடும். அரக்கும் நைட்ரோவும் தாராள மனசுக்காரப் பூச்சுகள். மேலே புதிதாகப் பூசினால் பழையது இளகிப் புதியதோடு கலந்துவிடும். ஆகவே உரிக்கவே தேவையில்லை. விரிசல் விட்ட இடத்தை மட்டும் நிரப்பி, மெல்லிய இரண்டு பூச்சுக் கொடுத்து, தேய்த்து மெருகேற்றினால் போதும். பாலியூரித்தேனும் மெலமைனும் அப்படிச் சேராது. பழையதன்மேல் புதியது தனித் தோலாக நிற்கும். சிறு காயமானால் சூப்பர் க்ளூவைத் துளித் துளியாக வைத்து நிரப்பி மட்டம் தட்டுவது நல்லது.

உரித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ஓரத்தைப் பார்க்க வேண்டும். உடலையோ கழுத்தையோ சுற்றி வெள்ளை, மஞ்சள் பட்டை ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் செல்லுலாய்டு. அசிட்டோனோ பெயிண்ட் ரிமூவரோ பட்டால் பாகு மாதிரி உருகும். அங்கே ரசாயனம் கூடாது, கைதான்.

மரத்தை அறிவதும் இதே கட்டத்தில்தான். அமெரிக்கக் கருவிகளின் ஆல்டரும் ஆஷும் இங்கே எளிதில் கிடைத்ததில்லை. மரவாடியில் கிடைத்தது தேக்கு, பலா, மகோகனி, ஈட்டி. தேக்கு ஆல்டரைவிடக் கனம். தேக்கு உடல் பேஸை இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு நின்றால் தோள்பட்டை சொல்லும். அதில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. பூசுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைக்காவிட்டால் பூச்சு பிடிக்காமல் ஆறு மாதத்தில் உரிந்து வரும். ஈட்டியின் எண்ணெயோ பாலியூரித்தேனைச் சரியாக இறுகவே விடாது. மெழுகு நீக்கிய அவலரக்கை முதலில் ஒரு பூச்சுக் கொடுத்துத் தடுப்புப் போட வேண்டும். பலா வேறு விதமாக ஏமாற்றும். அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டு வருஷக்கணக்கில் பழுப்பேறும் மரம் அது. தஞ்சாவூர் வீணையின் நிறம் அப்படி வந்ததே. பழைய பலா உடலில் ஒரே ஒரு கீறலை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தால், அந்த இடம் மட்டும் மஞ்சளாகப் பல் இளிக்கும். அதை மறைக்க முழு உடலையும் தேய்க்க வேண்டி வரும். ஒரு கீறலுக்காக நாற்பது வருஷத்து நிறத்தை இழப்பது நஷ்டக் கணக்கு.

நசுங்கிய குழிக்கு உப்புத்தாளே வேண்டாம். பூச்சு இல்லாத மரமாக இருந்தால், ஈரத் துணியை மடித்து வைத்து இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில விநாடி தொட்டு எடுத்தால் ஆவி உள்ளே போய் நார் உப்பிக்கொண்டு மேலே வரும். இரண்டு மூன்று முறை செய்தால் முக்கால்வாசிக் குழி மறையும். நார் அறுந்துபோன வெட்டுக்காயத்துக்கு இது பலிக்காது.

ஃபிங்கர்போர்டு ஈட்டியில் இருந்து, அதைப் பிடுங்கிப் புதிதாகப் போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காக்க 1994-லேயே தனிச் சட்டம் வந்தது. 2017 முதல் அந்த மரப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்குப் பின்னர் விலக்குக் கிடைத்தது. பழைய ஈட்டிப் பலகை தேய்ந்திருந்தாலும் அதைக் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம்.

பெயிண்டரிடம் போகும்போது

கார் பெயிண்ட் பட்டறைக்குக் கிட்டாரைக் கொண்டுபோவது கௌரவக் குறைச்சல் இல்லை. 1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி கார்களுக்காகக் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டின் வணிகப் பெயர் டூக்கோ. அந்தப் பெயரை நம் பட்டறைகள் இன்றுவரை விடவில்லை. பீரோவுக்கு அடித்தாலும் டூக்கோதான். லியோ ஃபெண்டரும் அதே டூபாண்ட் கார் பெயிண்டுகளைத்தான் தன் கிட்டார்களுக்கு வாங்கினார். லேக் ப்ளாசிட் ப்ளூ என்று சேகரிப்பாளர்கள் உருகும் நீலம் கெடிலாக் காருக்குக் கலந்த நீலம். ஃபியெஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்டின் சிவப்பு. கலிஃபோர்னியாவில் நடந்தது குரோம்பேட்டையில் நடக்கக் கூடாது என்று இல்லை.

ஆனால் காரின் கதவு தகரம். மரம் மூச்சு விடும் பொருள். பெயிண்டரின் பழக்கமும் கிட்டாரின் தேவையும் மோதும் இடம் பட்டி. "பட்டி பார்த்தாத்தான் சார் ஃபினிஷிங் நிக்கும்" என்பார். அவர் சொல்வது தகரத்துக்குச் சரி. மரம் தெரியும் பூச்சு வேண்டுமென்றால், "அண்ணே, பட்டி வேண்டவே வேண்டாம், மர ரேகை தெரியணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேக்கு, மகோகனி போன்ற துளையுள்ள மரங்களுக்கு மட்டும் ரேகைத் துளையை அடைக்கும் ஃபில்லரைத் தச்சு வேலைக் கடையில் வாங்கித் தேய்த்து, காய்ந்ததும் மிச்சத்தைக் குறுக்கே துடைத்தெடுத்து, அந்த நிலையில் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது. உப்புத்தாள் வேலையையும் வீட்டிலேயே முடித்துவிடலாம்: 120-இல் தொடங்கி, 180, 220, 320, எப்போதும் ரேகை ஓடும் திசையில், தக்கைக் கட்டையில் சுற்றி. வெறும் விரலால் தேய்த்தால் விரல் பதிந்த பள்ளம் பளபளப்பு வந்த பிறகு அலை அலையாகத் தெரியும். 220 முடிந்ததும் ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தால் எழும்பும் நாரை, காய்ந்த பின் 320-ஆல் சீவிவிடலாம்.

கழுத்து சேரும் பள்ளத்தில் ஒரு துளி பெயிண்ட்கூடப் படக் கூடாது. அங்கே பூச்சு ஏறினால் கழுத்து உட்காராது, கோணம் மாறும், தந்தி உயரம் மாறும். மறைப்பு நாடாவை ஒட்டுவதோடு, அந்தப் பள்ளத்தில் ஒரு ரீப்பர் துண்டைத் திருகிவிட்டால் பிடித்துத் திருப்பக் கைப்பிடியும் ஆயிற்று, காயப்போடத் தொங்கவிடக் கொம்பும் ஆயிற்று. செய்தவரின் பெயரோ சின்னமோ தலையில் இருந்தால், தலையைப் பூச்சுக்கே கொண்டுபோக வேண்டாம். கழுத்தும் உடலும் ஒரே மரமாக ஓடும் கருவியில் இந்த வசதி இல்லை. அங்கே நாடா ஒட்டும் வேலைக்கே ஒரு சாயங்காலம் ஆகும்.

இன்னொரு எதிரி கண்ணுக்குத் தெரியாது. கார் டேஷ்போர்டைப் பளபளக்க வைக்கும் ஸ்பிரேயில் சிலிக்கான் இருக்கிறது. பட்டறைக் காற்றில் மிதந்து மரத்தில் படிந்தால், பூச்சு அந்த இடத்தை விட்டு விலகி மீன் கண் போல வட்ட வட்டமாகக் குழியும். தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய்க் கையோடு தொட்டாலும் இதே கதி. பூசுவதற்கு முன் தின்னர் துணியால் ஒரு முறை துடைத்து, அதற்குப் பிறகு உடலைக் கையுறை போட்டே தொட வேண்டும். கம்ப்ரஸரின் அடிக்குழாயைத் திறந்து சேர்ந்திருக்கும் தண்ணீரை வடிக்கச் சொல்வதும் அவசியம். நம் ஊர் ஈரத்தில் அரை நாளில் ஒரு டம்ளர் நீர் சேரும் தொட்டி அது. வடிக்காவிட்டால் கன் வழியாகப் பெயிண்டோடு சேர்ந்து தெறிக்கும்.

எந்த மாதம் பூசுவது என்பது எதைப் பூசுவது என்பதற்குச் சமமான கேள்வி. நைட்ரோவின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது; காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து பூச்சு பால் போல் வெளுத்துப்போகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், இந்த வேலையே வேண்டாம். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். காலைப் பனி விலகிய பத்து மணிக்கு மேல், மதியக் கடற்காற்று உள்ளே வந்து ஈரத்தைக் கூட்டுவதற்குள் அன்றைய பூச்சை முடித்துவிட வேண்டும். வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் அந்தக் காற்று சீக்கிரம் வரும். தாம்பரத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். வெளுத்துவிட்டாலும் பயப்பட வேண்டாம்: மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மெல்லிய மூட்டமாக அடித்தால் பூச்சு திரும்ப இளகி ஈரத்தை வெளியே விட்டுத் தெளிந்துவிடும்.

நாளொன்றுக்கு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி, மொத்தம் எட்டு முதல் பத்து வரை. எல்லாம் சேர்ந்தும் ஒரு விசிட்டிங் கார்டின் கனத்தைத் தாண்டக் கூடாது. கார் பெயிண்டருக்கு இது கஞ்சத்தனமாகத் தெரியும். ஒரே மூச்சில் கனமாக அடித்து முடிக்கவே கை போகும். கனமான பூச்சு வழிந்து நிற்கும், உள்ளே ஈரமாகவே இருந்து மாதங்கள் கழித்துச் சுருங்கும். முடிந்ததும் நான்கு வாரம் தொங்கட்டும். முகர்ந்து பார்த்தால் தின்னர் வாசனை வரும்வரை காயவில்லை என்று பொருள். பிறகு 1000, 1500, 2000 தண்ணீர்த்தாள், அதன்பின் ரப்பிங் காம்பவுண்ட். ஓரங்களில் இரண்டே இழுப்பு. அங்கேதான் பூச்சு மெல்லியது, அங்கேதான் எல்லோரும் மரம் தெரியும்வரை தேய்த்துவிடுகிறார்கள்.

பாதுகாப்பில் சமரசம் இல்லை. இரண்டு கலவை பாலியூரித்தேனின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலைக் கெடுத்து ஆயுளுக்கும் ஆஸ்துமாவைத் தரக்கூடியது. துணி முகமூடி அதற்குத் தூசு. வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகமூடி இல்லாத பட்டறையில் அந்தப் பூச்சைக் கேட்கவே வேண்டாம். நைட்ரோவோ பெட்ரோல் போலப் பற்றும். வீட்டுக் கூடத்தில் ஸ்பிரே டப்பாவால் அடிப்பவர்கள் பூஜை விளக்கை முதலில் அணைக்கட்டும்.

மற்றவை, சுருக்கமாக

உலோகப் பாகங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வியர்வையும் கடற்காற்றும் தின்ற திருகுகளை மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பெரும்பாலும் பிழைக்கும். மறுபடி முலாம் போடக் கிளம்ப வேண்டாம். பழைய டியூனிங் கீ மங்கலாக இருப்பது அதன் வயது. (குரோம்பேட்டையில் முலாம் பட்டறை நிறைய இருக்கும் என்று தேடிப் போகிறவர்கள் உண்டு. அந்த ஊர்ப் பெயரில் உள்ள குரோம் தோல் பதனிடும் குரோம். குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர்.)

ஃபிரெட்கள் நிக்கல் சில்வர் என்ற உலோகம். பெயரில் வெள்ளி இருந்தாலும் உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். தந்தி பட்டுக் குழி விழுந்திருந்தால், உயரம் மிச்சமிருக்கும்வரை மட்டம் தட்டி முனையை உருட்டிக் கொடுப்பதே முறை. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் சால்டரிங் அயர்னால் ஃபிரெட்டைச் சூடாக்கிப் பிறகு இழுக்க வேண்டும். குளிரப் பிடுங்கினால் ஈட்டிப் பலகை சில்லுச் சில்லாகப் பெயரும். இந்த ஒரு வேலையை முதல் முறையாக அரிய கருவியில் பழகக் கூடாது. சந்தையில் வாங்கிய உடைந்த கிட்டாரின் கழுத்தில் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டு வரலாம்.

மின்பகுதி சுலபம். ரிச்சி தெருவுக்கு மின்சார ரயிலில் ஒரு நடை போதும். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் பாட், இரட்டைச் சுருளுக்கு 500. டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இங்கே கிடைக்கும் பாட்களின் தண்டு பெரும்பாலும் 6 மில்லிமீட்டர், அமெரிக்க நாப்களின் துளை கால் அங்குலம், அதாவது 6.35. போட்டால் ஆடும். பழைய பாட் கரகரத்தால் மாற்றுவதற்கு முன் கான்டாக்ட் கிளீனரை உள்ளே பீச்சி முப்பது முறை திருகிப் பார்க்கலாம். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடும். பிக்கப்பை மல்டிமீட்டரில் அளந்தால் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அப்போதும் பிக்கப்பைத் தூக்கி எறியக் கூடாது. கம்பியை மறுபடி சுற்றிக்கொள்ளலாம். காந்தமும் கூடும் செய்தவர் வைத்தவையாகவே இருக்கட்டும்.

எல்லாம் பூட்டியதும், தந்தி போடும் முன், கடைசியாக ஒரு வேலை பாக்கி. கழற்றி எடுத்த பழைய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டுக் கருவிப் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். ஒரு தாளில் என்ன பூச்சு அடித்தது, எத்தனை பூச்சு, எந்தத் தின்னர், எந்தப் பாட் மாற்றியது, எந்தத் தேதி என்று எழுதிப் பின்மூடிக்குள் மடித்து வையுங்கள். அடுத்து இதைத் திறப்பவர் பஞ்சுக்குச்சியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை நம் ஊர் ஈரத்தில் பரவிவிடும்.